குலுக்கலா, போட்டியா, லாட்டரியா?

கேள்வி: இணையத்தில் கைவினைப் பொருட்கள் விற்கிறேன். வாங்குபவர்களின் பெயர்களைக் குலுக்கி ஒருவருக்குப் பரிசு தரலாம் என்றிருக்கிறேன். ‘போட்டி’ என்று பெயர் வைத்துவிட்டால் சட்டச் சிக்கல் வராது என்கிறார் நண்பர். சரிதானா?

பதில்: பெயர் எதுவாக இருந்தாலும் சட்டம் கண்டுகொள்ளாது. பொதுவாக அது பார்ப்பது மூன்றைத்தான்: பரிசு உண்டா, வெற்றி அதிர்ஷ்டத்தால் கிடைக்கிறதா, கலந்துகொள்ளப் பணம் தர வேண்டுமா. மூன்றும் சேர்ந்தால் லாட்டரி. அதைத் தனியார் நினைத்தபடி நடத்த அநேகமாக எந்த நாடும் விடுவதில்லை. உங்கள் திட்டத்தில் மூன்றுமே இருக்கின்றன.

எனவே மூன்றில் ஒன்றை நீக்கியாக வேண்டும். பணத்தை எடுத்தால் அது இலவசக் குலுக்கல். அமெரிக்க விளம்பரங்களில் ‘எதுவும் வாங்கத் தேவையில்லை’ என்ற வரி தவறாமல் இருப்பது இதனால்தான். வரியைப் போட்டுவிட்டு, இலவசமாகச் சேரும் வழியை யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வைப்பவர்கள் உண்டு, அது எடுபடாது. வாங்கியவருக்கும் வாங்காதவருக்கும் வாய்ப்பு சமமாக இருக்க வேண்டும். பிரிட்டனில் கொஞ்சம் தாராளம்: 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டப்படி, வழக்கமான விலைக்குப் பொருள் வாங்குவதைக் கட்டணமாகக் கருதுவதில்லை. குலுக்கலுக்காக விலையை ஏற்றினால் மட்டும் மாட்டிக்கொள்வீர்கள்.

அதிர்ஷ்டத்தை எடுத்தால்தான் உண்மையான போட்டி. நடுவர் யார், எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். இருவர் சம மதிப்பெண் எடுத்தால் சீட்டுப் போட்டுப் பார்ப்போம் என்று எழுதினீர்களோ, வெளியே அனுப்பிய அதிர்ஷ்டம் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். கனடாவில் வேடிக்கை இன்னும் அதிகம். குலுக்கலில் தேர்வானவர் ஒரு கணக்குக்கு விடை சொன்ன பிறகுதான் பரிசைப் பெற முடியும். திறமையும் கலந்திருப்பதாகக் காட்டத்தான் அந்தச் சடங்கு.

இந்தியாவில் நண்பரின் யோசனை இன்னும் பலவீனம். விற்பனையைப் பெருக்க நடத்தும் லாட்டரியை மட்டுமல்ல, திறமைப் போட்டியையும் நியாயமற்ற வணிக நடைமுறைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நாடு விட்டு நாடு விற்பதானால், எந்தெந்த நாட்டவர் கலந்துகொள்ளலாம் என்று விதிமுறையின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். அமெரிக்கர்களையும் சேர்ப்பதானால் பரிசு மதிப்பைக் கவனியுங்கள்: மொத்தம் 5,000 டாலரைத் தாண்டினால் நியூயார்க், ஃபுளோரிடா மாநிலங்களில் குலுக்கலை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

அப்புறம், ஃபேஸ்புக்கில் நடத்துவதாக இருந்தால் ‘நண்பர்களை டேக் செய்தால் வாய்ப்பு’ என்று போடாதீர்கள். அதை அந்த நிறுவனத்தின் விதிகளே தடுக்கின்றன.