22 அடி கேரவனை இன்னோவா இழுக்குமா?

கேள்வி: பெருந்துறைப் பக்கம் குடியிருக்கிறேன். கரூரில் ஒரு பாடி பில்டரிடம் 22 அடி நீளத்தில் கேரவன் டிரெய்லர் கட்டப் பேசி வைத்திருக்கிறேன். படுக்கை, சமையல் மேடை, கழிவறை, ஏ.சி. எல்லாம் உண்டு. வெறும் டிரெய்லரே 2,200 கிலோ வரும் என்கிறார். வீட்டில் ஆறு பேர். கையில் இன்னோவா கிரிஸ்டா டீசல் இருக்கிறது. அதுவே போதுமா, டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் மாதிரி ஒன்று வாங்க வேண்டுமா? டிராக்டர் அஞ்சு டன் கரும்பை இழுக்கிறதே, இன்னோவாவுக்கு என்ன கேடு என்கிறார் மச்சான். ஊட்டி, கொல்லிமலை போய் வரத்தான் ஆசை.

பதில்: இழுக்குமா என்று மட்டும் கேட்டால், இழுக்கும். கிரிஸ்டாவின் 2.4 லிட்டர் டீசல் இன்ஜின் 343 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. சமதளத்தில் உங்கள் டிரெய்லரை நகர்த்திவிடும். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு: வண்டி தன் முதுகில் எவ்வளவு தாங்கும், இறக்கத்தில் நிறுத்த முடியுமா. உங்கள் திட்டம் முதல் கேள்வியிலேயே அடிபடுகிறது.

கணக்கைப் பாருங்கள். 2,200 கிலோ என்பது சாமான் ஏற்றாத எடை. 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ. நிறைந்த கேஸ் சிலிண்டர் ஒன்று 30 கிலோவை ஒட்டி வரும், இரண்டு வைப்பீர்கள். இன்வெர்ட்டர் பேட்டரி இரண்டு சேர்ந்தால் நூறு கிலோவைத் தாண்டும். அப்புறம் படுக்கை, பாத்திரம், அரிசி, மடக்கு நாற்காலி. நம் ஆட்கள் மாவாட்டும் கிரைண்டரையும் தூக்கி வைக்காமல் விடமாட்டார்கள். 2,800 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 2,800-ல் ஒரு பங்கு கொக்கி வழியாக உங்கள் காரின் பின்புறத்தில் உட்காரும். மாட்டு வண்டியில் பாரம் ஏற்றிப் பழகியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும், பின்பாரம் கூடினால் ஏர்க்கால் மேலே தூக்கிக்கொள்ளும். டிரெய்லரில் பின்பாரம் வந்தால் இன்னும் மோசம்: வேகம் எடுத்ததும் பின்பக்கம் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். அதனால்தான் பெரிய டிரெய்லர்கள் அதிகம் ஓடும் அமெரிக்காவில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இருக்கட்டும் என்கிறார்கள். உங்களுக்கு 280 கிலோவுக்குக் குறையாது, 300 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு பேர், ஆளுக்கு 65 கிலோ என்றாலும் 390. கொக்கி, அதைத் தாங்கும் சட்டம் எல்லாம் ஒரு 40. ஆக 730 கிலோ. கிரிஸ்டா தாங்க அனுமதித்த பாரம் மொத்தமே 500-லிருந்து 600 கிலோவுக்குள்தான் இருக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று தெரிய, ஆர்.சி.யில் உள்ள வெறும் எடையை, கையேட்டில் உள்ள முழு எடையிலிருந்து கழித்துப் பாருங்கள். பாரம் மீறினால் வண்டியின் பின்புறம் உட்கார்ந்து, முன் சக்கரம் லேசாகும். ஸ்டியரிங்கும் முன் பிரேக்கும் பிடிமானம் இழப்பது அப்போதுதான்.

மச்சானின் டிராக்டர் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி. அதன் கியரே இழுவைக்கென்று வைத்தது. நீங்கள் பைபாஸில் 80-ல் போவீர்கள். வேகம் நாலு மடங்கு ஆனால், நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் பதினாறு மடங்கு. அவரிடம் இதை மட்டும் சொல்லுங்கள், போதும்.

சரி, எந்த வண்டி? ஏணிச் சட்டம் போட்ட சேஸ், நீண்ட வீல்பேஸ் (முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் உள்ள தூரம்), பின்னால் கட்டுப் பட்டை (லீஃப்) ஸ்பிரிங், இந்த மூன்றும் இருக்கட்டும். வீல்பேஸை யாரும் கவனிப்பதில்லை, நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன். 20 அடி டிரெய்லருக்கு 110 அங்குலம், அதற்கு மேல் ஒவ்வொரு அடிக்கும் 4 அங்குலம் என்று அமெரிக்காவில் ஒரு கைக்கணக்கு உண்டு. உங்கள் 22 அடிக்கு 118 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 3,000 மில்லிமீட்டர். கிரிஸ்டா 2,750. ஃபார்ச்சூனர் அதைவிடக் கொஞ்சம் குறைவு, 2,745. ஹைலக்ஸ் 3,085. ஃபார்ச்சூனருக்கும் ஹைலக்ஸுக்கும் 2.8 லிட்டர் இன்ஜின் ஒன்றுதான். ஆனாலும் பின்னால் பெரிய பெட்டி ஆடும்போது இந்த ஒரு அடி வித்தியாசம் பேசும்.

ஆகவே உங்கள் டிரெய்லருக்கு ஹைலக்ஸ் வகைதான் சரி. இன்ஜின் 204 பி.எஸ்.; ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர், மேனுவலில் 420. இழுவைக்கு ஆட்டோமேட்டிக்கை எடுங்கள். ஆஸ்திரேலியாவில் பிரேக் உள்ள டிரெய்லரை 3,500 கிலோ வரை இழுக்க இதற்கு அனுமதி உண்டு. ஆனால் அது அந்த ஊர் வண்டிக்கும் அங்கே மாட்டித் தருகிற கொக்கிக்கும் சொன்ன அளவு. இங்கே வாங்குவதற்கு முன் ஷோரூமில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு சிக்கல்: அதில் ஐந்து பேர்தான் உட்காரலாம். கிரிஸ்டாவை விற்க வேண்டாம், மீதிப் பேரும் மூட்டை முடிச்சும் அதில் பின்னால் வரட்டும்.

பிரேக்கில் மட்டும் காசைச் சுருக்காதீர்கள். இந்த எடைக்கு டிரெய்லரின் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் வேண்டும். இடிவிசை பிரேக் என்று ஒன்று உண்டு. டிரெய்லர் காரைத் தள்ளும்போது அந்தத் தள்ளலே பிரேக்கைப் பிடிக்க வைக்கும். சமதளத்துக்கு நன்றாக இருக்கும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது டிரெய்லர் விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும், பிரேக்கும் விடாமல் உரசிச் சூடேறும். அதனால் டிரைவர் கைக்கெட்டும் இடத்தில் கன்ட்ரோலர் வைத்த எலக்ட்ரிக் பிரேக்கைக் கேளுங்கள். கூடவே இரண்டு பாதுகாப்புச் சங்கிலி, கொக்கி கழன்றால் தானே பிரேக் பிடிக்கும் ஸ்விட்ச்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், குன்னூர் 1,800 மீட்டருக்கு மேல். அமெரிக்காவில் இழுவைத் திறனைச் சோதிக்க அரிசோனாவின் டேவிஸ் அணை ஏற்றத்தைக் கணக்காக வைத்திருக்கிறார்கள். 18 கிலோமீட்டரில் 900 மீட்டர் ஏற்றம், ஏ.சி.யை முழுசாகப் போட்டுக்கொண்டு ஏறிக் காட்ட வேண்டும். நம் மலைப்பாதை அதைவிட நீளம், கூடவே கொண்டை ஊசி வளைவுகள். சங்ககிரி லாரிக்காரர்கள் சொல்வதுதான் இங்கேயும்: ஏறின கியரிலேயே இறங்கு.

கொல்லிமலை வேண்டாம். 70 கொண்டை ஊசி வளைவு. 22 அடிப் பெட்டி வளைவில் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், எதிரே பஸ் வந்தால் பின்னால் எடுக்கவும் முடியாது. டிரெய்லரை அடிவாரத்தில் பாதுகாப்பான இடத்தில் விட்டுவிட்டு இன்னோவாவில் ஏறிப் போய் வாருங்கள். திம்பம், கல்லட்டிக்கும் இதே பதில்தான்.

மலையைவிட நான் அதிகம் பயப்படுவது ஆடிக் காற்றுக்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலை நிற்கிறது. பக்கவாட்டில் அது உங்கள் பெட்டியை அறையும். பெட்டி ஆட ஆரம்பித்தால் கார் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் மெதுவாகப் போடுங்கள்.

டிரெய்லர் கைக்கு வந்ததும், தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றி ஒரு எடை மேடைக்குக் கொண்டு போங்கள். டிரெய்லரைக் கழற்றி, அதன் முன்கால் உட்பட முழுவதையும் மேடையில் நிறுத்தி ஒரு சீட்டு. பிறகு காரில் மாட்டி, டிரெய்லர் சக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்படி ஒரு சீட்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கொக்கியில் விழும் பாரம். 150 என்று வந்தால் தண்ணீர்த் தொட்டியோ பேட்டரியோ பின்னால் தள்ளி இருக்கிறது என்று அர்த்தம். இதனால்தான் தொட்டியை ஆக்சிலுக்கு நேர் மேலே வைக்கச் சொல்லி இப்போதே பாடி பில்டரிடம் பேசுங்கள். கட்டி முடித்த பிறகு நகர்த்துவது பெரும்பாடு.

சேஸ் இன்னும் வெட்டவில்லை என்றால் ஒன்று யோசியுங்கள். மலைதான் ஆசை, ஆறு பேரும் ஒன்றாகப் போக வேண்டும் என்றால், டெம்போ டிராவலர் மாதிரி ஒரே சேஸில் கேரவன் கட்டுவதுதான் என் கட்சி. கொக்கியும் இல்லை, ஆட்டமும் இல்லை, கொண்டை ஊசியில் திரும்பும்.

டிரெய்லர்தான் என்று முடிவு செய்தால், அதற்குத் தனி ரிஜிஸ்ட்ரேஷன், தனி இன்சூரன்ஸ் வேண்டும். காரில் கொக்கி மாட்டுவதும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு சொல்லும் மாற்றத்தில் சேருமா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பாடி பில்டரிடம், இந்த மாடலுக்கு புனே ஏ.ஆர்.ஏ.ஐ. மாதிரியான சோதனை அமைப்பின் ஒப்புதல் இருக்கிறதா என்று கேட்டு நகல் வாங்குங்கள். அந்த நகல் கைக்கு வந்த பிறகு அட்வான்ஸ் கொடுக்கலாம்.