நெடுந்தூரக் குதிரைப் பயணத்தில் சேணப் புண் ஏன் வருகிறது?

சேணம் அழுத்தியோ உரசியோ குதிரையின் முதுகில் வரும் காயம்தான் சேணப் புண். பல நாள் பயணம் பாதியில் நிற்க இதுவே போதும்.

ஒரே இடத்தில் பல மணி நேரம் பாரம் அழுந்தினால் அங்கே தோலுக்கு ரத்தம் ஓடாது, சதை உள்ளுக்குள் நசுங்கும். வியர்வையும் மண்ணும் சேர்ந்தால் மேல்தோலும் உரியும். வேலூரிலிருந்து அணைக்கட்டு, ஒடுகத்தூர் வழியாக ஜவ்வாது மலை அடிவாரம் போகிறவர்கள் கோடை வெயிலில் இதை எதிர்பார்க்கத்தான் வேண்டும். பாலாற்று மணலில் குதிரை புரண்டிருந்தால், முதுகைத் துலக்காமல் சேணம் வைக்கவே கூடாது.

ஆளும் சேணமும் மூட்டையும் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். 300 கிலோ குதிரைக்கு 60 கிலோ. தோள்மேட்டுக்கும் (கழுத்து முதுகோடு சேரும் இடத்து மேடு) சேணத்துக்கும் நடுவே இரண்டு விரலாவது நுழைய வேண்டும். நின்றதும் சேணத்தைச் சட்டென்று உருவாமல், வயிற்றுவாரைத் தளர்த்திப் பத்து நிமிடம் விடுங்கள். ரத்தம் மெல்லத் திரும்பும். பிறகு முதுகைப் பாருங்கள். சுற்றிலும் நனைந்திருக்க, உள்ளங்கை அளவு இடம் மட்டும் காய்ந்திருந்தால் அழுத்தம் அங்கேதான். தொட்டால் குதிரை முதுகை நெளிக்கிறதா, மறுநாள் ஏறாதீர்கள்; நடத்திக் கூட்டிப் போங்கள்.

சேணத்துக்கு அடியில் கம்பளியை இரண்டாக மடித்துப் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். இறுக்கமான ஷூவுக்குள் தடித்த சாக்ஸ் போட்டதுபோல அது இன்னும்தான் அழுத்தும்.