நானோ பவுடரை அப்படியே பிளாஸ்மா கன்னில் போடலாமா?

கேள்வி: பம்ப் ஷாஃப்ட் ஸ்லீவுகளுக்கு (சுழலும் தண்டின் மேல் மாட்டும் உறை) அலுமினா-டைட்டானியா பிளாஸ்மா கோட்டிங் அடித்துத் தருகிறோம், அதாவது இந்தப் பீங்கான் தூளை பிளாஸ்மா கன்னின் கடும் சூட்டு வாயுவில் உருக்கிப் பீய்ச்சுகிறோம். நானோ பவுடர் போட்டால் தேய்மானம் இன்னும் குறையும் என்றார்கள், வாங்கினோம். கன்னுக்குத் தூள் போகும் ஃபீடர் ஹோஸ் அடைத்துக்கொள்கிறது. தூளைத் தள்ளிச்செல்லும் கேரியர் கேஸைக் கூட்டினால் தூள் புகையாய்ப் பறக்கிறதே தவிர ஸ்லீவில் ஒட்டவில்லை. கன்னில் கோளாறா?

கன்னைக் கழற்றாதீர்கள், அதில் ஒன்றுமில்லை. வழக்கமான தூளில் 30 மைக்ரான் துகள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 50 நானோமீட்டர் துகள் அதைவிட விட்டத்தில் 600 மடங்கு சிறியது, அதாவது எடையில் 21 கோடி மடங்குக்கும் மேல் குறைவு. இவ்வளவு லேசான துகளுக்கு 10,000 டிகிரிக்கு மேல் சீறிவரும் பிளாஸ்மாவைத் துளைத்து உள்ளே போகிற உந்தம் கிடையாது. ஓடுகிற டேபிள் ஃபேனுக்கு எதிரே விபூதியை வீசுகிற கதைதான். தப்பித்தவறி உள்ளே போய் உருகினாலும், ஸ்லீவை நெருங்கியதும் வாயு பக்கவாட்டில் திரும்பும்போது அதோடு சேர்ந்து போய்விடும். கேரியர் கேஸைக் கூட்டினால் பிளாஸ்மா கலைந்து குளிரும், அவ்வளவுதான். அடைப்புக்கும் இதே காரணம்: இத்தனை நுண்ணிய தூள் தனக்குத்தானே ஒட்டிக்கொள்ளும், மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம்.

கடையில் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது, நானோ துகள்களை பைண்டரோடு (ஒட்டவைக்கும் பசை) கலக்கி, ஸ்ப்ரே ட்ரையரில் உலர்த்தி, சூட்டில் இறுக்கிய உருண்டைகள். ஏறக்குறைய 20 முதல் 60 மைக்ரான் இருக்கும், உங்கள் ஃபீடரிலேயே ஓடும். அமெரிக்கக் கடற்படை 2000-களின் தொடக்கத்தில் கப்பல் பாகங்களுக்கு எடுத்துக்கொண்டதும் இந்த வகைதான், 13 சதவீத டைட்டானியா கலந்த அலுமினா.

ஆனால் பலர் காசை வீணாக்குவது இதற்கு அப்புறம்தான். நல்லா உருகட்டும் என்று ஆம்பியரை ஏற்றிவிடுவார்கள். உருண்டை முழுக்க உருகிவிட்டால் உள்ளே இருந்த நானோ அமைப்பு போச்சு, சாதாரண பவுடரிலேயே அடித்திருக்கலாம். வெளிப்புறம் உருகி ஒட்ட வேண்டும், நடுவில் கொஞ்சம் உருகாமல் தங்க வேண்டும். கோட்டிங்கில் ஓடும் விரிசல் அந்த இடங்களில்தான் தடைபட்டு நிற்கும். பெரும்பகுதி உருகாமலே தங்கிவிட்டாலோ கோட்டிங் பொலபொலவென்று உதிரும். எனவே பவரைத் தனியாகப் பார்க்காமல், வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கி, பிளாஸ்மாவுக்கு விடும் ஆர்கான் வாயுவின் ஓட்டத்தால் வகுத்த எண்ணைப் பாருங்கள்; தூள் எவ்வளவு உருகும் என்பதற்கு அதுதான் அடையாளம். அதை மூன்று நான்கு நிலைகளில் வைத்துத் துண்டுத்தகடுகளில் அடித்து, வெட்டி, பாலிஷ் செய்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்த பிறகு ஸ்லீவுக்குப் போங்கள்.

சஸ்பென்ஷன் ஸ்ப்ரே பற்றியும் யாராவது சொல்வார்கள். தூளைத் தண்ணீரிலோ எத்தனாலிலோ கலக்கித் திரவமாகவே செலுத்தும் முறை அது, வேலை செய்யும். ஆனால் தனி ஃபீடர் வேண்டும், கன்னை 5 சென்டிமீட்டர் அளவுக்கு நெருக்கிப் பிடிப்பதால் பாகம் ரொம்பச் சூடேறும், எத்தனால் என்றால் தீ பயம் வேறு. டர்பைன் பிளேடுக்குச் சரி, ஸ்லீவுக்கு இந்தச் செலவு தேவையே இல்லை.

இப்போது ஃபீடரில் மிச்சமிருக்கும் தூளை ஏர் கன்னால் ஊதாதீர்கள், நுரையீரலின் அடிவரை போகிற சைஸ் அது. நல்ல ஃபில்டர் மாஸ்க் போட்டு, ஈரத்துணியால் துடைத்தெடுத்து, துணியோடு பையில் கட்டிப் போடுங்கள்.