நூறு நாள் வேலையால்தான் விவசாயத்துக்கும் கம்பெனிக்கும் ஆள் கிடைக்காமல் போனதா?

கேள்வியோடு சேர்த்து, "ரேஷன் அரிசியும் நூறு நாள் வேலையும் கிராமத்துச் சனங்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டன, இப்படியே போனால் நாடு எப்படி வளரும்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால் உங்களுக்கு நாலைந்து ஏக்கர் நிலம் இருக்கும், இந்த வருடம் கடலை பிடுங்க ஆள் தேடி அலைந்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. தப்பாக இருந்தால் மன்னிக்கவும். அந்த எரிச்சல் எனக்குப் புரியாமல் இல்லை. "ஆளே கிடைக்கல சார்" என்று சொல்லிச் சொல்லியே பதினான்கு வருடம் சம்பளம் வாங்கியவன் நான்.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் டைம் ஆபீஸ் வேலை. வருகைப் பதிவு, ஓ.டி. கணக்கு, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இவற்றோடு புதிதாக ஆள் பிடிப்பதும் என் தலையில்தான். சொந்த ஊர் ஒடுகத்தூர் பக்கம். அப்பா போன பிறகு அம்மா மட்டும் அங்கே இருக்கிறார்.

2019இல் வேலூர் பாராளுமன்றத் தேர்தல் தள்ளிப்போய் ஆகஸ்ட் 5ஆம் தேதி நடந்தது ஞாபகம் இருக்கும். அதற்கு முந்தின வாரம். கிறிஸ்துமஸ் சீசனுக்கான ஆர்டர் வந்துவிட்டது, அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தையல் பிரிவுக்கு உடனே நாற்பது பெண்கள் வேண்டும் என்று மேனேஜர் என்னிடம் ஒரு வேனைக் கொடுத்து அனுப்பினார். முதல் இரண்டு நாள் வேறு ஊர்களில் சுற்றினேன். மூன்றாம் நாள், நம் ஊர்தானே, நாலு பேரைத் தெரியுமே என்று எங்கள் ஊருக்கே போனேன். ஏரிக் கால்வாயில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. அறுபது பேர் இருப்பார்கள், ஆண்கள் ஐந்தாறு பேர். வரிசையில் அம்மாவும் பாண்டில் மண் சுமந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டார். பேன்ட் சட்டையோடு கம்பெனி வேனில் வந்து நிற்கும் மகனுக்குச் சங்கடம் வேண்டாம் என்று.

நான் வழக்கமான பாட்டைப் பாடினேன். பஸ் உண்டு, பி.எஃப். உண்டு, ஈ.எஸ்.ஐ. உண்டு, தீபாவளி போனஸ் உண்டு. எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் மண்வெட்டியை ஊன்றி நின்று கேட்டார்:

"எத்தினி மணிக்குப் பஸ்ஸு, தம்பி?"

"ஆறே முக்கால், பெரிம்மா."

"திரும்பி வர?"

"ஏழு, ஏழரை ஆயிடும்."

"பிடிச்சதெல்லாம் போக கைக்கு இன்னா வரும்?"

"ஏழாயிரத்து ஐநூறு."

"சரி, எனக்கு அம்பத்திரெண்டு வயசு. ஏத்திக்கினு போறியா?"

என் சட்டைப் பையில் இருந்த காகிதத்தில் வயது 18 முதல் 35 என்று இருந்தது. டைப் அடித்தவன் நானே. பதில் சொல்லாமல் வரிசையைப் பார்த்தேன். பாதிக்கு மேல் அம்மா வயதுப் பெண்கள். முப்பத்தைந்துக்குக் கீழே ஏழெட்டுப் பேர் தேறலாம். அதில் ஒருத்தி புங்க மரத்தில் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டிருந்தாள். இன்னொருத்தி எங்கள் கம்பெனியிலேயே ஏழு வருடம் மெஷினில் உட்கார்ந்துவிட்டு, கழுத்து வலி தாங்காமல் நின்றவள். அவள் டோக்கன் நம்பர்கூட எனக்கு நினைவில் இருந்தது. "என்னண்ணா, மறுபடியும் கூப்புட வந்தியா?" என்று சிரித்தாள்.

மூன்று நாளில் கிடைத்தவர்கள் மொத்தம் பதினொரு பேர். எங்கள் ஊரில் மூன்று. அந்த மூவரும் பன்னிரண்டாவது முடித்து வீட்டில் இருந்த பெண்கள், ஏரியிலிருந்து வந்தவர் ஒருவரும் இல்லை. அன்று சாயங்காலம் மேனேஜருக்கு நான் எழுதிய மெயிலில் காரணம் என்று என்ன போட்டேன் தெரியுமா? "நூறு நாள் வேலை காரணமாக ஆட்கள் வர மறுக்கிறார்கள்." வயது வரம்பு காரணம், கைக்கு வரும் சம்பளம் காரணம் என்று எழுதினால் கேள்வி என்னிடம் திரும்பும். நூறு நாள் வேலை என்று எழுதினால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்கவும் இல்லை. நீங்கள் படிக்கிற "தொழிலதிபர்கள் கவலை" வகைச் செய்திகளில் எத்தனைக்கு இப்படி ஒரு மெயில் அடியில் கிடக்கிறதோ!

கணக்கையும் பார்த்துவிடலாம். அந்த வருடம் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த நூறு நாள் கூலி 229 ரூபாய். மண்ணை அளந்துதான் கூலி என்பதால் பல வாரம் அதுவும் முழுசாக வராது. அன்றைய சட்டப்படி நூறு நாள் என்பது ஒரு ஆளுக்கு இல்லை, ஒரு குடும்பத்துக்கு. அதிலும் நாட்டின் சராசரி ஒரு வருடத்துக்கு ஐம்பது நாளை ஒட்டியே இருந்திருக்கிறது. மீதி முந்நூற்றுச் சொச்சம் நாள் அந்தச் "சோம்பேறி" எங்கே போகிறார்? உங்கள் வயலுக்கு, பக்கத்து மாந்தோப்புக்கு, குடியாத்தம் பக்கமாக இருந்தால் பீடி முறத்துக்கு.

விவசாயக் கூலி ஏறியதற்கு இந்தத் திட்டமும் ஒரு காரணம் என்பதை மறுக்க மாட்டேன். 2008 ஏப்ரலில் திட்டம் நாட்டின் மிச்ச மாவட்டங்களுக்கும் விரிந்தபோது இங்கே கூலி 80 ரூபாய். எங்கள் ஊரில் அன்றைக்குக் களையெடுக்கப் பெண்ணுக்கு 50 ரூபாயும் ஒரு சொம்பு கூழும். 80 ரூபாய் என்று ஒன்று வந்த பிறகு 50க்கு யார் குனிவார்கள்? நிலக்காரர்கள் ஏற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. என் தாய்மாமனுக்கு இரண்டு ஏக்கர். கூலி ஏறிய வேகத்தில் கடலை விலை ஏறவில்லை என்று இன்றுவரை திட்டுவார். அவர் திட்டுவது நியாயம்தான். நடவு, அறுவடை நேரத்தில் ஏரி வேலையைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்பதும் நியாயம்தான். ஆனால் கடலை விலைக்கான கோபத்தைக் களையெடுக்கிறவர்மேல் காட்டுவது எந்த ஊர் நியாயம் என்று மாமாவிடமே கேட்டிருக்கிறேன். இரண்டு பொங்கலுக்கு என்னோடு பேசவில்லை.

"கூலி ஏறினால் வேலை குறையும், வளர்ச்சி நின்றுவிடும், இது அரிச்சுவடிப் பொருளாதாரம்" என்று ஒருவர் உடனே வருவார், தெரியும். நான் பி.காம்., அதுவும் தபாலில் படித்தது. ஆனால் பிரிக்கப்படாத ஆந்திராவில் எட்டு மாவட்டங்களில், ஸ்மார்ட் கார்டு வைத்து இந்தக் கூலி ஒழுங்காகக் கைக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பெரிய அளவில் ஆய்வு செய்தார்கள். ஏழை வீடுகளின் வருமானம் ஏறியது. ஏறியதில் பெரும்பகுதி திட்டப் பணம் இல்லை, வெளியே தனியாரிடம் கிடைத்த கூலி. அப்படிக் கூலி ஏறியும் தனியார் வேலை குறையவில்லை.

வளர்ச்சி வளர்ச்சி என்கிறீர்களே, ஆம்பூர் எப்படி வளர்ந்தது? பச்சைத் தோலை அப்படியே ஏற்றுமதி செய்யக் கூடாது என்று 1970களில் அரசு தடுத்த பிறகுதான் பதனிட்ட தோல், அப்பர், முழு ஷூ என்று இங்கே வேலை பெருகியது. 1996இல் உச்ச நீதிமன்றம் பாலாறு வழக்கில் கழிவைச் சுத்திகரிக்காத தோல் தொழிற்சாலைகளை மூடச் சொன்னபோது, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மத்திய, மாநில அரசுகள் மானியம் கொடுத்தன. அதையெல்லாம் யாரும் இலவசம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. முதலாளிகளுக்கு எதிரானவன் என்று என்னை முத்திரை குத்த வேண்டாம். அந்தச் சம்பளத்தில்தான் என் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

2020ஐயும் சொல்லிவிடுகிறேன். மார்ச் 25 ஊரடங்கு. கம்பெனி கேட்டைப் பூட்டினார்கள். ஏப்ரல், மே இரண்டு மாதமும் எனக்குச் சம்பளம் இல்லை. வாடகை வீட்டைப் பூட்டிவிட்டு மனைவி, பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போனேன். ரேஷன் அரிசி வந்தது, கார்டுக்கு ஆயிரம் ரூபாய் வந்தது. மே மாதம் ஏரி வேலை மறுபடி ஆரம்பித்தது. கூலி 256 ஆகியிருந்தது. அம்மா காலையில் பாண்டைத் தூக்கிக்கொண்டு போவார், பி.காம். படித்த மகன் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். அந்த வாரங்களில் என் பிள்ளைகள் குடித்த பால் ஏரி மண்ணில் வந்தது. ஒரு வருடத்துக்கு முன்னால் அதே ஏரியைப் பற்றி மெயில் எழுதியவன் நான்.

வேலையில் மண்ணை இங்கிருந்து அள்ளி அங்கே கொட்டுவதுதான் நடக்கிறது என்பார்கள். சில இடத்தில் உண்மை, எங்கள் ஊரிலும் ஒரே கால்வாயை மூன்று முறை தூர் வாரியிருக்கிறார்கள். ஆனால் கணியம்பாடி பக்கம் நாகநதிப் படுகையில் இதே நூறு நாள் பெண்கள் உறை இறக்கி, மழைத் தண்ணீரை நிலத்துக்குள் இறக்கும் நீர்செறிவுக் கிணறுகள் கட்டியிருக்கிறார்கள். ஒரு நடை போய்ப் பாருங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் ஒன்று. என் அம்மா ஏரிக்குப் போவதற்கு முன்னால் ஒன்பது வருடம் ஒரு தோல் கம்பெனியில் வேலை செய்தவர். அது இப்போது மூடிக் கிடக்கிறது. மாதா மாதம் பிடித்த பி.எஃப். பணம் அங்கேயே நிற்கிறது. காரணம், கம்பெனிப் பதிவில் அப்பா இனிஷியல், ஆதாரில் புருஷன் இனிஷியல். திருத்த ஜாயின்ட் டிக்ளரேஷன், அதாவது தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கையெழுத்துப் போடும் படிவம், கேட்கிறார்கள். கையெழுத்துப் போட முதலாளி இல்லை. பேங்க் மேனேஜர் கையெழுத்தோடு மூன்று முறை கொடுத்தாகிவிட்டது. மூன்று முறையும் மூன்று விதக் காரணம் சொல்லித் திருப்பிவிட்டார்கள். ஆயிரம் பேருக்கு பி.எஃப். பார்க்கிற எனக்கே இந்தக் கதி. நூறு நாள் கூலி தாமதமாக வந்தாலும் அம்மா கணக்குக்கு வந்துவிடுகிறது. ஒன்பது வருடம் தோல் ஊறின தண்ணீரில் நின்ற காசு வரவில்லை. மூடிய கம்பெனியில் இனிஷியல் திருத்தி யாராவது பணம் வாங்கியிருந்தால், எந்தக் காகிதம் வைத்தீர்கள் என்று கொஞ்சம் சொல்லுங்கள்.