சிகரெட்டை நிறுத்த யோகாவா, நிக்கோட்டின் சூயிங்கமா? ஷிப்ட் வேலை பார்க்கிறவனுக்கு எது ஒத்துவரும்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறேன். பதினாறு வருடம் சிகரெட் பிடித்தேன். விட்டு நான்கு வருடம் ஆகிறது. இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன். முதலில் சூயிங்கம், யோகாவில் வரும் மூச்சுப்பயிற்சி அதற்குத் துணை. இதுதான் என் பதில்.

ஆரம்பத்தில் யோகாவைத்தான் நம்பினேன். கம்பெனியில் சனிக்கிழமை சாயங்காலம் வகுப்பு நடந்தது. உடம்பு லேசானது, தூக்கமும் நன்றாக வந்தது. ஆனால் திங்கட்கிழமை கண் விழித்ததும் கை தானாகத் தீப்பெட்டியைத் தேடியது. எழுந்த அரை மணிக்குள் சிகரெட் கேட்கிறதென்றால் உடம்பு நிக்கோட்டினுக்கு நன்றாகப் பழகிவிட்டது என்று அர்த்தம். நிறுத்திய முதல் இரண்டு மூன்று நாள் ரொம்பக் கொடுமை. எரிச்சல், தலைவலி, எதிலும் மனசு நிற்காது. ஓடுகிற மெஷின் முன்னால் நிற்பவனுக்கு அது ஆபத்து.

இங்கேதான் சூயிங்கம் கைகொடுக்கிறது. சிகரெட் புகையில் இருக்கிற தார், கார்பன் மோனாக்சைடு மாதிரி நஞ்சு இல்லாமல் நிக்கோட்டினை மட்டும் கொடுத்து, மெல்ல மெல்லக் குறைக்க விடுகிறது. இப்படி நிக்கோட்டின் மருந்தோடு நிறுத்த முயல்கிறவர்கள், அது இல்லாமல் முயல்கிறவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகம் ஜெயிக்கிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2009இல் உலக சுகாதார அமைப்பு இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சேர்த்தது. யோகாவுக்கு அந்த அளவு ஆதாரம் இன்னும் சேரவில்லை.

ஆனால் மெல்லத் தெரிய வேண்டும். முதல் தடவை நான் சாதாரண சூயிங்கம் மாதிரி கடகடவென்று மென்றேன். விக்கல், நெஞ்செரிச்சல். தூக்கிப் போட்டுவிட்டேன். அப்புறம் ஒரு டாக்டரம்மாதான் சொல்லிக்கொடுத்தார்: மெதுவாக மெல்லுங்கள், மிளகைக் கடித்த மாதிரி சுரீரென்றதும் கன்னத்தில் ஒதுக்கிவிடுங்கள், அது அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். அரை மணி நேரம் இப்படியே. டீ, காபி குடித்தால் கால் மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும், இல்லையென்றால் நிக்கோட்டின் சரியாக உள்ளே இறங்காது. டீயும் சிகரெட்டும் சேர்ந்தே பழகிய நமக்கு இதுதான் முக்கியம். 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு அளவு உண்டு; டாக்டரைக் கேட்டு எடுங்கள்.

சரி, மூச்சுப்பயிற்சி எதற்கு? எட்டு மணி நேர ஷிப்டில் நான் நின்று நிதானமாக மூச்சை இழுத்து விட்டது சிகரெட் பிடிக்கும்போது மட்டும்தான். அதை நிறுத்தியதும் அந்த நிதானமும் போய்விட்டது. பத்து மணி பிரேக்கில் மற்றவர்கள் பெட்டிக்கடைக்குப் போகும்போது, நான் ஸ்டாண்டில் என் பைக் மேல் உட்கார்ந்து நாலு எண்ணி இழுப்பேன், ஆறு எண்ணி விடுவேன். எந்த ஆசையும் ஐந்து பத்து நிமிடத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தைக் கடக்க இது போதும்.

பேச ஆள் வேண்டுமென்றால், புகையிலையை விட உதவுகிற தேசிய உதவி எண் 1800-11-2356, கட்டணம் கிடையாது. என் கடைசிப் பாக்கெட்டில் அச்சிட்டிருந்ததைப் பார்த்துத்தான் நானும் கூப்பிட்டேன்.