"மேலிடத்து ஓடர்" எண்டு சொல்லி அடிச்சா ஆர் பொறுப்பு?

வவுனியாவில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. அண்ணாவை பி.ரி.ஏ.யில (பயங்கரவாதத் தடைச் சட்டத்தில) பிடிச்சு, விசாரணையில அடிச்சு, சிங்களத்தில எழுதின பேப்பரில கையெழுத்தும் வாங்கிப்போட்டினமாம். கேட்டா மேலிடத்து ஓடராம். ஆருக்கு எதிரா கேஸ் போடுறது, போட்டா இன்னும் அடிப்பினமோ எண்டு பயப்பிடுறா.

தங்கச்சி, முதல் அந்த ஓடர் கதையை விடுங்கோ. 1994ஆம் ஆண்டின்ர 22ஆம் இலக்கச் சித்திரவதைச் சட்டத்தில தெளிவாக் கிடக்கு, யுத்தம் எண்டாலும் அவசரகாலம் எண்டாலும் மேலதிகாரி சொன்னவர் எண்டாலும் அது சாட்டு இல்லை. அடிச்சவர், உதவினவர், சேர்ந்து திட்டம் போட்டவர் எல்லாருக்கும் 7இல இருந்து 10 வருசம் மறியல். ஆனா அந்தக் கேஸை நீங்கள் போடேலாது, சட்டமா அதிபர் திணைக்களம்தான் போடவேணும், அண்ணாக்கு எதிரா பி.ரி.ஏ. கேஸ் நடத்துறதும் அதே திணைக்களம்தான், பிறகு 30 வருசமா இந்தச் சட்டத்தில தண்டனை கிடைச்சவையை ஏன் விரல் விட்டு எண்ணலாம் எண்டு என்னைக் கேக்காதேங்கோ.

உங்கட கைக்கு எட்டுறது சுப்ரீம் கோர்ட்டில எஃப்.ஆர். கேஸ், அடிப்படை உரிமை மனு. அதில ஆரும் உள்ளுக்குப் போகமாட்டினம், ஆனா அரசாங்கமும் நட்டஈடு கட்டவேணும், அடிச்சவர் தன்ர சொந்தக் காசிலயும் கட்டவேணும் எண்டு கோர்ட் சொல்லியிருக்கு, தெரிஞ்சும் பேசாமல் இருந்த பொறுப்பதிகாரியும் மாட்டியிருக்கினம்.

ஆனா 1 மாசத்துக்குள்ள போடவேணும்! இந்த ஒரு மாசத்தைத்தான் புரோக்கர்மார் தின்னுறது. "எம்.பி.யின்ர ஆள் எனக்குத் தெரியும், முறைப்பாடு குடுத்துக் குழப்பாதேங்கோ, அண்ணாவைக் குற்றத்தை ஒத்துக்கொள்ளச் சொல்லுங்கோ, மறியலுக்குப் பதிலா புனர்வாழ்வு முகாம் எண்டு எழுதி எடுத்து விடுறன்" எண்டு லட்சக்கணக்கில வாங்கிக்கொண்டு ஃபோனை ஓஃப் பண்ணிடுவான், அதுக்குள்ள மாசம் முடிஞ்சிடும். கோர்ட்டுக்கு வெளியில நிண்டு உங்களைத் தேடி வாறவனுக்கு ஒரு ரூபாயும் குடுக்காதேங்கோ, வசதி இல்லாதவைக்கு லோயர் பிடிச்சுத் தாற சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு.

மாசம் தப்பாமல் இருக்க ஒரு வழி இருக்கு. அந்த ஒரு மாசத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவில முறைப்பாடு குடுத்தா, அங்க விசாரணை நடக்கிற காலம் கணக்கில வராது, 1996ஆம் ஆண்டு மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின்ர 13ஆம் பிரிவு. எஃப்.ஆர். மனுவை அண்ணாவோ அவருக்காக ஒரு லோயரோதான் போடலாம், ஆனா ஆணைக்குழுவுக்கு நீங்களே போகலாம். கடுதாசியைக் குடுத்திட்டு வீட்டில இருந்தா மட்டும் சரிவராது, விசாரணை உண்மையா நடக்குது எண்டு காட்டச் சொல்லி சுப்ரீம் கோர்ட் கேக்கும், காட்டேலாமல் மனு தள்ளுபடியான ஆக்கள் இருக்கினம். அதால நம்பர் போட்ட ரசீது, அவையள் அனுப்புற கடிதம், நீங்கள் நினைவூட்டி அனுப்பினதின்ர கொப்பி எல்லாத்தையும் ஒரு ஃபைலில வையுங்கோ, கொழும்புக்கு மனு போகேக்க அந்த ஃபைல்தான் பேசும்.

அடுத்தது அந்தக் கையெழுத்து. மற்றக் கேஸுகளில பொலிசுக்குச் சொன்ன ஒப்புதல் செல்லாது. பி.ரி.ஏ. 16ஆம் பிரிவில ஏ.எஸ்.பி.யோ (உதவிப் பொலிஸ் அத்தியட்சகர்) அதுக்கு மேலயோ ஒருத்தர் எடுத்தா செல்லும், அடிச்சு வாங்கினது எண்டு நிரூபிக்கவேண்டியது அடி வாங்கினவர்! 2022 திருத்தத்திலயும் இதைத் தொடேல்லை. 1993இல பி.ரி.ஏ.யில பிடிபட்ட சிங்கராசா எண்ட தமிழருக்கு சிங்களம் தெரியாது, சிங்களத்தில எழுதின வாக்குமூலத்தில பெருவிரல் அடையாளம் வைச்சவர், அதை வைச்சே 50 வருசம், அப்பீலில 35. இது பிழை எண்டு 2004இல ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது, 2006இல சுப்ரீம் கோர்ட் அந்தக் குழுவிட்ட ஆக்கள் முறைப்பாடு போட வழிவிடுற ஒப்பந்தத்தில அரசாங்கம் சேர்ந்ததே எங்கட அரசியலமைப்புக்குப் பொருந்தாது எண்டு முடிச்சுது. அடிச்ச கையை மட்டும் குற்றம் சொல்லி என்ன, பெருவிரலைப் பார்த்திட்டுக் கையெழுத்து வைச்ச ஏ.எஸ்.பி., அதை ஏத்துக்கொண்ட நீதிபதிமார், கண்ணை மூடின டொக்டர்மார் எல்லாருக்கும் அதில பங்கு இருக்கு, சட்டம் தொடாட்டிலும்.

அண்ணாவை ஜே.எம்.ஓ.விட்ட (காயங்களைப் பார்த்து ரிப்போட் எழுதுற சட்ட வைத்திய அதிகாரி) கொண்டு போகேக்க பொலிஸ் பக்கத்தில நிக்கும், பயத்தில "ஒண்டுமில்லை சேர்" எண்டு சொல்லிடுவினம், அந்த ரிப்போட்டைத்தான் பிறகு தூக்கிக் காட்டுவினம். பொலிசை வெளியில விடச் சொல்லி அண்ணா டொக்டரிட்டக் கேக்கவேணும், ஒவ்வொரு காயமும் எங்க, எதால எண்டு சொல்லவேணும். 2022இல இருந்து நீதவான் மாசம் ஒருக்கா தடுப்பிடத்துக்குப் போய்ப் பார்க்கவேணும், அவரிட்டயும் சொல்லவேணும். முறைப்பாடு குடுத்தா கூட அடிப்பினம் எண்டு பயப்பிடுறியள், மனித உரிமைகள் ஆணைக்குழுக்காரர் தடுப்பிடத்துக்குள்ள போய் ஆளைப் பார்க்கலாம், ஆரும் பார்க்காத ஆளுக்குத்தான் கூட அடி விழுறது.

அண்ணாவைப் பிடிச்ச நாளில இருந்து எத்தினை நாள் எண்டு இப்பவே எண்ணுங்கோ. 30க்குக் கிட்ட வந்திட்டுது எண்டா லோயரைப் பிறகு தேடலாம், நாளைக்குக் காலமை வவுனியாவில இருக்கிற மனித உரிமைகள் ஆணைக்குழு ஒஃபிசுக்குப் போங்கோ.