தவளைவாயன் எங்க இருக்கும், எப்படி கண்டுபிடிக்க? கேள்வி பதில்

போன வாரம் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல கீரிப்பாறைக்கு மேல காட்டுல எடுத்த தவளைவாயன்ங்கிற ராத்திரிப் பறவை ஜோடி போட்டோவ காட்டுனதுல இருந்து ஆளாளுக்கு கேட்டுட்டு இருக்கீங்க, தனித்தனியா சொல்ல முடியல, அதான் எல்லாத்தையும் சேத்து இங்கயே சொல்லுதேன்.

குலசேகரம் பக்கம் பால்வெட்டுக்கு போற ஒருத்தர்: அண்ணே, விடியக்காலம் ஹெட்லைட் மாட்டிட்டு ரப்பர் தோட்டத்துக்கு போம்போ காட்டோரத்துல யாரோ அலறுத மாதிரி ஒரு சத்தம் கேக்கும், வீட்டுல பெரியவங்க பேய்னு சொல்லுவாங்க. அது இதுதானா?

பேய் இல்ல அண்ணே, நீங்க சொல்லுதத பாத்தா பெண் தவளைவாயனா இருக்க நல்ல சான்ஸ் இருக்கு. கரகரன்னு பெருசா தொடங்கி கீழ இறங்கி முடியும் அது. ஆண் வேற மாதிரி, ஸ்குவா ஸ்குவான்னு வேகமா அடுக்கிட்டே போவும். இருட்டுத நேரமும் விடியுததுக்கு முந்தியும்தான் ரெண்டும் கூடுதலா கத்தும். அடுத்த தடவ கேட்டா போன்ல ரெக்கார்ட் பண்ணிருங்க, எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சுன்னும் குறிச்சு வைங்க. இந்தப் பறவைய மொதல்ல காதாலதான் கண்டுபிடிக்கணும், கண்ணுக்கு வேல அதுக்கப்புறம்தான். உங்கள மாதிரி தினமும் அந்த நேரத்துல காட்டோரம் நிக்கறவங்களுக்கு தெரியுதது கேமரா தூக்கிட்டு மாசத்துக்கு ஒருக்க வாற எங்களுக்கு தெரியாது.

தக்கலை தம்பி: ராத்திரியில பறக்குத பக்கிக்குருவியும் (நைட்ஜார்) இதே கலர்தானே, எப்படி பிரிச்சு சொல்ல?

உக்காருத விதத்த பாரு தம்பி. பக்கி பகல்ல தரையில சருகோட சருகா படுத்துக் கிடக்கும், கொம்புல இருந்தாலும் கொம்பு நீளத்துக்கே படுத்திருக்கும். தவளைவாயன் கொம்புல நிமிந்து உக்காரும், ஆள் வந்தா அலக மேல தூக்கிட்டு கண்ண இடுக்கிட்டு அசையாம இருக்கும், ஒடிஞ்ச குச்சி இல்லன்னா காஞ்ச இலைக்கொத்துன்னு நெனச்சு தாண்டி போயிருவோம். நானே ஒரு மரத்தடியில அரைமணிக்கூர் நின்னு கட்டஞ்சாயா குடிச்சிட்டு கிளம்பும்போதான் தலைக்கு மேல இருந்த "காஞ்ச இலை"க்கு மீசை இருக்கத பாத்தேன். அலகு அகலமா, கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும், சுத்தி முடி துருத்திட்டு நிக்கும், கண்ணு ரெண்டும் முன்னாடி பாக்கும். அளவு 23 சென்டிமீட்டர்தான், நம்ம மைனா அளவு. இருட்டுக்குப்புறம் ரோட்டுல லைட் அடிக்கும்போ செவப்பா கண்ணு மின்னிட்டு தரையில இருக்குதா, அது பெரும்பாலும் பக்கிதான்.

நாகர்கோவில், காலேஜ் படிக்க பொண்ணு: ஜோடியில ஒண்ணு சாம்பல், ஒண்ணு செம்பழுப்பா இருந்துச்சே, ரெண்டும் ஒரே இனமா?

ஒரே இனம்தான் மக்கா. சாம்பல் கலந்த தவிட்டு நிறத்துல புள்ளியும் கோடுமா இருக்கது ஆண், செங்கல் கலர்ல புள்ளி குறைவா இருக்கது பெண். பகல்ல ரெண்டும் ஒட்டிதான் உக்காரும்.

மார்த்தாண்டத்துல இருந்து: சரியான லொக்கேஷன் போடுங்க சார், அடுத்த வாரம் வாறோம்.

மேப்புல புள்ளி வச்சு தரமாட்டேன், கோவப்படாதீங்க. தொந்தரவு இல்லன்னா ஒரே கொம்புல மாசக்கணக்கா வந்து உக்காருத பறவை இது, அதனாலயே ஒருத்தர் சொல்லி ஒருத்தர் சொல்லி கூட்டம் கூடிரும். ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு குரூப்புக்கு நம்பி இடம் காட்டுனேன், பக்கத்துல போயி பிளாஷ் அடிச்சு, நல்லா தெரியணும்னு முன்னாடி நின்ன கொம்பையும் ஒடிச்சாங்க, அந்த ஜோடி அப்புறம் அங்க வரவே இல்ல. இப்ப நெனச்சாலும் மனசு கேக்கல.

பொதுவா சொல்லுதேன்: 1200 மீட்டருக்கு கீழ இருக்க மழைக்காடு, ஓடையோரம் மூங்கில், கொடி பின்னிக் கிடக்க இடம். கீரிப்பாறை, காளிகேசம், பாலமோர் பக்கம் அந்த மாதிரி காடு உண்டு, இதுக்காக மலை உச்சிப் பக்கம் இருக்க முத்துக்குழிவயல் வரை ஏறாண்டாம். கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள்ள போக நாகர்கோவில் மாவட்ட வன அலுவலகத்துல அனுமதி வாங்கணும், ஆனை நடமாட்டம் இருக்கதால தனியா போகாதீங்க. கூட்டிட்டு போறதுக்கு இந்த மலையிலயே வாழுத காணிக்கார பழங்குடி அண்ணன்மாரு யாராவது சம்மதிச்சா அது உங்க பாக்கியம்.

அதே ஆளு: போன்ல அதுக்க சத்தத்த போட்டா பதில் சொல்லும்ல?

சொல்லும், அதுதான் பிரச்சினையே. வேற ஆணு தன் எல்லைக்குள்ள வந்துட்டுன்னு நெனச்சு இரை தேடுதத விட்டுட்டு கத்திட்டு இருக்கும். அதுலயும் ஜனவரியில இருந்து ஏப்ரல் வரை கூடு வைக்க காலம், அப்ப சுத்தமா போடாண்டாம்.

திருவட்டாறு டீச்சர்: கூடு எப்படி இருக்கும்?

டீச்சர், அதுக்க இறகையே மெத்த மாதிரி வச்சு, வெளிய பாசியும் மரப்பட்டையில படருத லைக்கனும் ஒட்டி கட்டும், உள்ளங்கையில அடங்கிரும். வெள்ளையா ஒரே ஒரு முட்டதான். பகல்ல ஆண்தான் அடைகாக்கும். ஆண் ஒண்ணு தனியா ஒரே கொம்புல பகல் முழுக்க அசையாம இருந்தா அதுக்க அடியில கூடு இருக்குன்னு எடுத்துக்கிடுங்க, பிள்ளைகள கூட்டிட்டு அங்க இருந்து மெதுவா பின்னாடி வந்துருங்க. அது பறந்துச்சுன்னா அந்த ஒரு முட்டைய காக்கையோ அணிலோ பாத்துரும்.